காக்கை எடுக்காத சோறு

1

போன ஆடி மாதம் என் மனைவி செல்விக்கு மூன்றாவது திதி. எந்த நாள் என்று நான் கண்டுபிடிக்கவில்லை. குமுளியில் இருக்கிற என் அக்கா காலண்டரைப் பார்த்துவிட்டுப் போனில் சொன்னாள். "புதன்கெழமடா தம்பி. லீவப் போட்டுரு. வருசத்துக்கு ஒரு நாளு, செய்யுறத ஒழுங்காச் செய்யி."

அயர்லாந்தின் மேற்குப் பக்கத்தில், பாதி நாள் மழை பெய்கிற ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். இங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் எனக்கு வேலை. லீவுக்கு எழுதிக் கொடுத்தபோது, காரணம் என்ற கட்டத்தில் மனைவியின் நினைவு நாள் என்று எழுதினேன். சூப்பர்வைசர் பெண்மணி இரக்கத்தோடு, "கல்லறைக்குப் போகிறீர்களா?" என்று கேட்டாள். "இல்லை, சமைக்கப் போகிறேன்" என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

சமைப்பது எனக்குப் புதிதில்லை. செல்வி நர்ஸாக இருந்தாள். அவள் ஷிப்ட் அப்படி, பாதி நாள் நான்தான் அடுப்படியில் நிற்பேன். திதிக்கு அவளுக்குப் பிடித்ததாகச் செய்தேன். பச்சரிசிச் சோறு, சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், உளுந்து வடை, தேங்காய்ப்பால் பாயசம். வடை சுடுவதற்கென்றே, இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊருக்குப் போனபோது அக்கா செக்கில் ஆட்டிக் கொடுத்த தேங்காயெண்ணெயை ஒரு டின்னில் பத்திரமாக வைத்திருந்தேன். திதிக்கு மட்டும்தான் அதைத் திறப்பது.

படையலுக்குச் சமைக்கும்போது வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. உப்புப் பார்க்கிறேன் என்று ஒரு சொட்டு நாக்கில் விட்டாலும் எச்சில்தான். போனவர்களுக்கு வைத்து, காக்கைக்கு வைத்து, அப்புறம்தான் இருக்கிறவர்கள் தின்ன வேண்டும். எனக்கு அது ஒரு சிரமமாகவே இருந்ததில்லை. சாதாரண நாளில்கூட நான் ருசி பார்த்துச் சமைக்கிறவன் இல்லை. கொதி வாசத்திலேயே உப்பும் புளியும் எனக்குத் தெரிந்துவிடும் என்று ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டவன்.

செல்வி படத்துக்கு முன்னால் தட்டு வைத்துச் சூடம் காட்டிவிட்டு, முதல் கவளத்தையும் ஒரு வடையையும் கொண்டுபோய்ப் பின்பக்கத்துச் சுவர்மேல் வைத்தேன். இந்த ஊரில் காக்கைக்குப் பஞ்சமில்லை. நம் ஊர்க் காக்கையைவிடக் கொஞ்சம் சின்னது, பிடரி மட்டும் சாம்பல் நிறம். குப்பைப் பையைக் கிழித்துத் தெரு முழுக்க இழுத்துப் போடும். போன இரண்டு வருஷமும் நான் கையை எடுப்பதற்குள் வந்து தின்றன. இந்த வருஷம் மூன்று வந்தன. ஒன்று பக்கத்தில் நடந்து வந்து வடையை ஒரு கொத்துக் கொத்தியது, கீழே போட்டது, பறந்துவிட்டது. மற்ற இரண்டும் கிட்டக்கூட வரவில்லை. தூறலில் அரை மணி நேரம் நின்று கூப்பிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

உள்ளே வந்தால், என் மகள் பவித்ரா பாயசத்தை ஒரு வாய் வைத்துவிட்டு அதை சிங்க்கில் துப்பிக்கொண்டிருந்தாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "உங்கம்மாவுக்கு வச்சதத் துப்புறியா நீ? நீ இப்பிடி இருக்கப்போயித்தான் காக்கா எடுக்கல. உங்கம்மா ஒம்மேல கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா" என்றேன். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

மூன்றாம் நாள் போனில் எனக்கு ஒரு செய்தி அனுப்பினாள். அதே வீட்டில், மாடியிலிருந்து கீழே. செப்டம்பரில் காலேஜ் திறக்கும்போது ஒரு தோழியோடு நகரத்தில் அறை எடுத்துத் தங்கப் போகிறாளாம். காலேஜ் பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். வீட்டிலிருந்தே போய் வருவதாகத்தான் அதுவரை பேச்சு. அவளுக்குப் பதினெட்டு வயசாகிவிட்டது, என் கையெழுத்து எதற்கும் வேண்டியதில்லை. இந்த நாட்டில் எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். அவளும் போனால் இந்த வீட்டில் நான் யாரோடு பேசுவது என்று நினைத்தபோது, உள்ளபடியே பயம் வந்தது.

2

பிள்ளைகள் கையை விட்டுப் போவதைப் பற்றி வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் எல்லோரும் எழுதியாயிற்று. நானும் இந்த ஒரு வருஷமாக அக்காவிடம் போனில் அதையேதான் புலம்பிக்கொண்டிருந்தேன்.

பவித்ரா ஆறு வயசில் இங்கே வந்தவள். தமிழ் பேசுவாள், ஆனால் கொஞ்சம் யோசித்துப் பேசுவாள். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். அதெல்லாம் பழகிவிட்டது. போன வருஷத்திலிருந்துதான் ஆள் மாறினாள். வீட்டில் சாப்பிடுவதை விட்டாள். ரொட்டியில் எதையோ தடவிக்கொண்டு அறைக்குப் போய்விடுவாள். தன் துணியைத் தானே தனியாகத் துவைக்க ஆரம்பித்தாள். நாள் முழுக்க ஊரார் துணியைத் துவைத்துவிட்டு வருகிற எனக்கு, என் பிள்ளை தன் துணியைத் தொடவிடாதது சுருக்கென்றது. எந்தக் குளிரிலும் அடுப்படி ஜன்னலைத் திறந்து வைப்பாள். நான் மூடுவேன், அவள் திறப்பாள். சிநேகிதிகளை வீட்டுக்குக் கூட்டி வருவதை நிறுத்திவிட்டாள்.

"நம்மளப் பாத்தா அவளுக்குக் கேவலமா இருக்கு அக்கா" என்று சொல்லியிருக்கிறேன்.

"வயசு அப்பிடிடா. தாயில்லாப் புள்ள, அதட்டாத" என்பாள் அக்கா. ஆனால் திதி அன்று நடந்ததைச் சொன்னபோது அவளும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "காக்கா எடுக்கலன்னா மனசுக்குச் சங்கடமாத்தான்டா இருக்கு. அவள ஒரு நா படத்து முன்னாடி நின்னு கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கச் சொல்லு" என்றாள். அதையும் நான் அப்படியே பவித்ராவிடம் சொன்னேன். அவள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றவில்லை. கேட்டாளா இல்லையா என்றே தெரியவில்லை.

ஒரு தடவை மட்டும், போன பனிக்காலத்தில், அவளாக அடுப்படிக்கு வந்து, "அப்பா, இந்தக் கொழம்பு கெட்டுப்போச்சு. மோந்து பாருங்க" என்றாள். குனிந்து முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. "நல்லாத்தானடி இருக்கு. இப்ப ஒனக்கு நம்ம சோறு நாறுதோ?" என்று கேட்டு, அவள் பார்க்கவே இரண்டு தடவை ஊற்றிச் சாப்பிட்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது. கொழுப்பு, வேறென்ன என்று நினைத்தேன்.

3

எல்லைக்குக் கேரளப் பக்கம் இருக்கிற குமுளியில் நான் பதினோரு வருஷம் ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்த்தேன். ஸ்டோர் என்றால் கடை இல்லை. தோட்டத்திலிருந்து வருகிற பச்சைக் காயைச் சூட்டறையில் தட்டு தட்டாகப் பரப்பி உலர்த்துகிற இடம். அடுப்பில் விறகு எரியும், சூடு குழாய் வழியாக அறைக்குள் போகும். எவ்வளவு நேரம் என்று கடிகாரம் பார்த்துச் செய்கிற வேலை இல்லை. மழைக்காலத்துக் காய்க்கு ஒரு கணக்கு, வெயில் காலத்துக் காய்க்கு ஒரு கணக்கு. அறைக் கதவை ஒரு விரற்கடை திறந்தால் முதலில் பச்சை வாடை வரும், இலையைக் கசக்கினாற்போல. அது உடைந்து, இனிப்பாக, கொஞ்சம் கற்பூரம் கலந்த வாசம் எழும்பும். அந்த நேரத்தில் சூட்டைக் குறைக்க வேண்டும். விட்டால் பச்சை நிறம் போய்க் காய் வெளுத்துவிடும், முதலாளி வாயில் விழ வேண்டி வரும். காய்ந்ததா என்பதற்கு மூக்கு போதாது, காதும் வேண்டும். ஒரு கை அள்ளிக் காதோரம் குலுக்கினால் உள்ளே விதை சலசலக்கும்.

அந்த வாசம் சட்டையில், தலைமுடியில், கழுத்து மடிப்பில் ஏறிவிடும். கம்பத்துக்குப் பஸ் ஏறினால், நான் சொல்வதற்கு முன்னாலேயே கண்டக்டர், "என்ன, ஸ்டோருல இருந்தா?" என்பார். செல்வியைப் பெண் பார்க்கப் போனபோது அவள் அப்பா, வண்டிப்பெரியாற்றில் எஸ்டேட் பாக்டரியில் தேயிலை புளிக்க வைக்கிற இடத்தில் இருந்தவர், என்னை வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கோப்பை டீயைக் கையில் கொடுத்து, "இது எப்பிடி?" என்றார். குடிக்காமல் முகர்ந்து பார்த்து, "இலை கூடுதலாப் புளிச்சுருச்சு மாமா" என்றேன். அன்றைக்கே பூ வைத்துவிட்டார்கள். அதைச் சொல்லிச் சொல்லியே செல்வி என்னைக் கேலி செய்வாள். "மூக்கக் கட்டிக்கிட்டவ நான்" என்பாள்.

அவள் போன பிறகு எனக்கு எதுவும் ருசிக்கவில்லை. முதல் பனிக்காலத்தில் பத்து நாள் கடுமையான காய்ச்சல் வந்தது. எழுந்து உட்கார்ந்தபோது சோறு மண்ணாக இருந்தது. காப்பி வெந்நீராக இருந்தது. அக்காவிடம் சொன்னேன். "அவ போயிட்டாள்லடா, எப்பிடி ருசிக்கும்?" என்று அவளும் அழுதாள். இங்கே இருக்கிற மலையாளிக் குடும்பங்களில் ஒரு சேச்சியிடம் சொன்னேன். அவரும் அதையேதான் சொன்னார். எனக்கும் அது சரியென்றே பட்டது. பெண்டாட்டி செத்தவனுக்குச் சாப்பாடு ருசித்தால்தானே தப்பு? ஊறுகாயைக் கூட்டிக்கொண்டேன், மிளகாயைக் கூட்டிக்கொண்டேன். தொண்டை காறியது. குளிர்காற்று என்று நினைத்தேன். அப்படியே இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

4

திதி முடிந்த அடுத்த வாரம் சலவை அறையில் டிரையரில் சாய்ந்து நின்றபடியே தூங்கிவிட்டேன். காதில் அடைப்பான், முகத்தில் மாஸ்க், கையில் உறை. அந்த அறையில் நிற்பவனுக்கு உலகம் பாதிதான் எட்டும். மெஷின் முடிந்து அலறியதுகூடக் கேட்கவில்லை. இல்லத்தில் பதறிப்போய் டாக்டரிடம் அனுப்பினார்கள். பிரஷர் ஏறியிருந்தது. மாத்திரையோடு, கவனத்தோடு வாழ்வதற்கு ஒரு பயிற்சி வகுப்பு என்று ஒரு தாளையும் டாக்டர் கொடுத்தார். எட்டு வாரம், செவ்வாய்க்கிழமை தோறும். போய் வந்ததற்குக் கையெழுத்து வாங்கி வந்தால்தான் வேலையைத் தொடரலாம் என்று இல்லத்தில் சொல்லிவிட்டார்கள்.

அதற்கும் ஒரு படிவம். தாய்மொழி என்ற இடத்தில் தமிழ் என்றும், பிறந்த இடம் கேரளா என்றும் எழுதினேன். மேசையில் இருந்த பையன் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு, கேரளா என்றால் மலையாளம் அல்லவா, எது தப்பு என்று கேட்டான். எல்லைக்கு இந்தப் பக்கமும் நாங்கள் இருக்கிறோம் தம்பி என்று அவனுக்கு எந்த இங்கிலீஷில் சொல்வது? இரண்டையும் போட்டுக்கொள் என்றேன். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற கட்டத்தில் பவித்ரா பெயரை எழுதி, முகவரி என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இன்னும் ஐந்து வாரம்தான் அவளுக்கு இந்த முகவரி.

வகுப்பு ஒரு பழைய சமூகக்கூடத்தில். பத்துப் பேர், வட்டமாக நாற்காலி. நடத்துகிற அம்மாள் பெயர் மேரி, மெதுவாகப் பேசுவார். முதல் நாள் ஆளுக்கு ஓர் உலர்ந்த திராட்சையைக் கொடுத்து, இதை வாழ்க்கையில் முதல் தடவை பார்ப்பதாக நினைத்துப் பாருங்கள், தொடுங்கள், அவசரமில்லை என்றார். எல்லோரும் கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்தார்கள். என் கை அதுவாக வேலையைச் செய்தது. இரண்டு விரலால் அழுத்தினேன், காதோரம் கொண்டுபோய்க் குலுக்கினேன். என் முறை வந்தபோது, "ஈரம் அதிகம். இன்னும் ஒரு நாள் காய வேண்டும்" என்றேன். வட்டம் முழுக்கச் சிரித்தது. மேரியும் சிரித்துவிட்டு, "தீர்ப்புச் சொல்ல வேண்டாம் முருகேசன். இருப்பதைக் கவனித்தால் போதும்" என்றார். என் வேலையைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று உள்ளுக்குள் முணுமுணுத்துக்கொண்டேன்.

5

இரண்டாம் வாரம் ஐந்து புலன்கள். பதற்றம் வரும்போது கண்ணில் படுகிற ஐந்து பொருளைச் சொல்ல வேண்டும், காதில் விழுகிற நான்கு சத்தம், தொடுகிற மூன்று, முகர்கிற இரண்டு, நாக்கில் ஒன்று. அப்படிச் செய்தால் மனசு ஓர் இடத்தில் நிற்குமாம். கண்ணும் காதும் கையும் முடிந்தன. பிறகு, துணியால் மூடிய சின்னக் கிண்ணங்களை மேரி சுற்றில் அனுப்பினார். கண்ணை மூடி முகர்ந்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்க வேண்டும்.

முதல் கிண்ணம் காலியாக இருந்தது. ஏதோ பரீட்சை வைக்கிறார்கள் போல என்று நினைத்துத் தள்ளிவிட்டேன். எனக்கு அடுத்திருந்த கிழவர், "ஆகா, காப்பி" என்றார். இரண்டாவதும் காலி. அவர், "ஆரஞ்சுத் தோல்" என்றார். மூன்றாவது வந்தபோது கண்ணைத் திறந்து துணியை விலக்கிவிட்டேன். உள்ளே நாலைந்து ஏலக்காய், நசுக்கி வைத்தது. பச்சை மாறாத, நல்ல முதல் தரக் காய். மூக்கை அதற்குள்ளேயே வைத்து இழுத்தேன். விதை மூக்கில் ஒட்டியது. ஒன்றும் இல்லை.

எழுந்து கழிவறைக்குப் போனேன். சோப்பை முகர்ந்தேன். தரை துடைக்கிற மருந்துப் பாட்டிலைத் திறந்து முகர்ந்தேன். கண்ணில் நீர் வந்தது, வாசம் வரவில்லை. சட்டையைக் கழற்றி அக்குளை முகர்ந்தேன். கண்ணாடியில் சட்டையில்லாத ஒரு நரைத்த ஆள், சட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நிற்கிறான். எத்தனை நாளாக இப்படி என்று யோசித்தேன். கடைசியாக எதை முகர்ந்தேன் என்று நினைவுக்கு வரவே இல்லை.

வேதனையாக இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் அன்று பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது வேறொன்று மெல்லத் தட்டுப்பட்டது. ஜன்னல். அவள் ஏன் ஜன்னலைத் திறந்தாள்? துணி. வீட்டுக்குள்ளேயே கொடியில் மூன்று நாள் ஈரமாகத் தொங்குகிற துணி. ரொட்டி. பாயசம். போன பனிக்காலத்துக் குழம்பு. ஒவ்வொன்றாக வந்து நின்றது. எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கண் நன்றாகத்தான் இருந்தது. பார்த்த ஒவ்வொன்றுக்கும் நானே ஒரு காரணம் எழுதி, அதை அக்காவிடம் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன்.

6

டாக்டரிடம் போனேன். எந்த வாசம் தெரியவில்லை என்று கேட்டார். மணம், வாடை, வீச்சம், புழுக்க வாடை, எண்ணெய்ச் சிக்கு, அடிப்பிடித்த நாற்றம் என்று தமிழில் எனக்கு வரிசையாக இருக்கிறது. அவருக்கு "எல்லாம்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டேன். அந்தக் காய்ச்சலில் போயிருக்கலாம், திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார். தினமும் காலையில் நாலு பொருளை முகர்ந்து பழகச் சொன்னார். எலுமிச்சை, கிராம்பு, காப்பி, ஏலக்காய். செய்கிறேன். இன்றுவரை ஒன்றும் இல்லை.

பவித்ராவிடம் சொல்வதற்கு மேலும் நான்கு நாள் ஆனது. அப்பன்மார்களுக்கு இது ஒரு நோய். தப்பு என்று தெரிந்த பிறகும் வாய் வராது. ஞாயிற்றுக்கிழமை அவள் தண்ணீர் எடுக்கக் கீழே வந்தபோது, அந்த எண்ணெய் டின்னை மேசையில் வைத்திருந்தேன்.

"பவி, இத மோந்து பாத்துச் சொல்லும்மா."

"மறுபடியும் ஆரம்பிக்காதீங்கப்பா, ப்ளீஸ்."

"சண்டைக்கு இல்லடா. எனக்கு மூக்கு தெரியல. வாசமே தெரியல எனக்கு. சத்தியமா."

"தெரியலன்னா?"

"எதுவுமே. ரெண்டு வருசத்துக்கு மேலே. போன வாரந்தான் எனக்கே தெரியும்."

அவள் கிட்டே வந்து டின்னின் மூடியைத் திறந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அப்பா, இது பெயிண்ட் மாதிரி இருக்கு. இதுலயா அன்னிக்கு வடை சுட்டீங்க?" என்றாள். நான் தலையாட்டினேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னிக்கு அந்தக் கொழம்பு. நீங்க மோந்து பாத்தீங்களே."

"பாத்தேன். ஒண்ணும் தெரியல. அதான் நல்லாருக்குன்னேன்."

"அது அழுகிப்போயிருந்துச்சுப்பா. நீங்க மோந்து பாத்துட்டு, நல்லாருக்குன்னு சொல்லி, எம் முன்னாடியே தின்னீங்க." கொஞ்ச நேரம் வார்த்தை தேடினாள். அவளுக்குத் தமிழில் அவ்வளவு நீளமாகப் பேசிப் பழக்கமில்லை. "நான் நெனச்சேன், நீங்க தெரிஞ்சுதான் தின்றீங்கன்னு. அம்மா போனப்பறம் ஒங்களுக்கு இருக்கப் பிடிக்கல, அதான் கெட்டுப்போனதா தின்னு, கொஞ்சம் கொஞ்சமா போகப் பாக்குறீங்கன்னு. அத என்னால தெனமும் பாத்துட்டு இருக்க முடியல. அதுக்குத்தான் ரூம் பாத்தேன்."

நான் அழுதேன். அவள் அழவில்லை, எழுந்து அலமாரியைத் திறந்தாள். ஒவ்வொரு டப்பாவாக எடுத்து முகர்ந்து, இது போச்சு, இது ஓகே, இது என்னன்னே தெரியல என்று பிரித்தாள். மூன்று பை நிறைந்தது. நடுவில், பஸ்ஸில் ஒரு பெண் தன் பக்கத்திலிருந்து எழுந்து வேறு சீட்டுக்குப் போனதையும், அதற்குப் பிறகுதான் துணியைத் தனியாகத் துவைக்க ஆரம்பித்ததையும் சாதாரணமாகச் சொன்னாள். அன்றிலிருந்து என் சமையலுக்கு அவள்தான் மூக்கு. வறுக்கும்போது கூப்பிடுவேன், வந்து நின்று, "அப்பா, இப்ப எறக்குங்க" என்பாள். கடுகு வெடிக்கிற சத்தத்துக்கும், வெங்காயம் நிறம் மாறுவதற்கும் காத்துக்கொண்டு நிற்க நான் கற்றுக்கொண்டேன். நாக்கில் வைத்தும் பார்க்கிறேன். உப்பாவது தெரிகிறது.

ஆனால் அறையை அவள் விடவில்லை. தோழியிடம் வாக்குக் கொடுத்தாயிற்று என்றாள். தங்க வை என்று அக்கா நச்சரித்தாள். எனக்கும் ஆசைதான். கேட்கவில்லை. ஒரு வருஷமாக என்னை வைத்துக்கொண்டு பயந்து பயந்து இருந்த பிள்ளை, கொஞ்சம் மூச்சு விடட்டும் என்று விட்டேன்.

7

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, அவள் பெட்டியையும் மெத்தையையும் காரில் ஏற்றிக்கொண்டு நகரத்துக்குக் கிளம்பினோம். நல்லபடியாகத்தான் பேசிக்கொண்டு போனோம். வாராவாரம் ஞாயிறு வருவாளாம். தான் வந்து முகராமல் எதையும் மீதி வைத்துத் தின்னக் கூடாதாம். சரி, சரி என்றேன். எல்லாம் பேசி முடித்தாயிற்று, மனசு லேசாகிவிட்டது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாதி வழியில் அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். நகரத்து வீடுகள் தெரிய ஆரம்பித்த இடத்தில், திரும்பாமலே கேட்டாள்.

"அப்பா, அப்ப அம்மா எம்மேல கோவமா இல்லையா?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் திதி அன்று நான் கத்தியது நினைவுக்கு வந்தது. பதினெட்டு வயசு. கனவுகூட இங்கிலீஷில் வருகிறது என்று சொல்கிறவள். இந்தக் காக்கை, படையல் எல்லாம் அவளுக்கு அப்பாவின் பைத்தியக்காரத்தனம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆத்திரத்தில் சொன்ன வார்த்தையை நான் மறந்தே போய்விட்டேன். என் மூக்கைப் பற்றியும் டின்னைப் பற்றியும் இத்தனை நாள் பேசியவன், அந்த ஒன்றைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அவள் அதை ஆடி மாதத்திலிருந்து தனியாகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள்.

காரை ஓரமாக நிறுத்தினேன். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனான்.

"இல்லடா" என்றேன். "நாந்தாண்டா பொய் சொன்னேன். அம்மாவுக்கு ஒம்மேல என்னைக்குமே கோவம் இல்ல."

அவள் திரும்பவில்லை. மறுபடியும் சொன்னேன். தோள் மட்டும் குலுங்கியது. மூன்றாவது தடவை சொன்னபோதுதான் என் பக்கம் திரும்பி, சீட் பெல்ட்டைக் கழற்றினாள்.